புகை போயிற்று, நித்திரை எங்கே?

கேள்வி: சிகரெட்டை விட்டு ஒரு வாரமாகிறது. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். சற்றே கண்ணயர்ந்தாலும் விசித்திரமான கனவுகள். ஒன்று பற்றவைத்தால் தூக்கம் வருமா?

பதில்: வராது. நிகோடின் நரம்புகளை உசுப்பும் வஸ்துவே தவிர, நித்திரை தரும் ஔஷதமன்று. ஏறக்குறைய 2 மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும் அது, இத்தனை வருஷங்களாக நடுநிசியிலும் கடன்காரனைப் போல் உங்கள் மூளையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இப்போது நடப்பது அவன் வீட்டைக் காலி செய்யும் அமளி. முதல் சில தினங்களில் உச்சத்தை எட்டும் இந்த அவஸ்தை, பெரும்பாலோர்க்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். கனவுகள் மட்டும் சிலருக்குச் சற்று நீடிக்கலாம்.

ஆனால் நான் முக்கியமாகச் சந்தேகிப்பது உங்கள் டபராவைத்தான். காப்பியிலுள்ள காபீனை ஈரல் வெகு துரிதமாகச் சிதைக்கும்படி சிகரெட்டுப் புகை இதுகாறும் தூண்டி வந்தது. புகை நின்று அவ்வேகமும் குறைந்துவிட்டபடியால், வழக்கமாக அருந்தும் அதே காப்பி இன்று ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்குகிறது. ஆகையால் காப்பியைப் பாதியாக்குங்கள். மாலைக் காப்பியை அறவே நிறுத்துங்கள். நிகோடின் பட்டை ஒட்டிக்கொள்பவராயின், வைத்தியரைக் கலந்து, படுக்குமுன் அதை அகற்றிவிடுங்கள். தீப்பெட்டி அடுக்களையிலேயே இருக்கட்டும்.