ஷெட்டு சவுண்டுக்காரர்

கோவை வட்டாரத்தில் ஷெட்டு சவுண்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊர் அது. கார் நிறுத்தக் கட்டிய ஷெட்டில் ஒரு லேத்து கிடப்பது அங்கே அதிசயமில்லை. “வேலை செய்யறப்ப நாலு பாட்டுக் கேக்கலாமே” என்று இவர் ஒருநாள் நினைப்பார். அன்றோடு கார் தெருவில் வேப்பமரத்தடிக்குக் குடிபோய்விடும்.

கடையில் செட்டாக வாங்குவது இவருக்கு இழுக்கு. அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஆயிரக்கணக்கான ‘பிஎம்பிஓ’ வாட்டைப் பார்த்தாலே சிரிப்பார். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் முகூர்த்தம் முடிந்ததும் ஆள் ரிச்சி தெருவில்தான் இருப்பார். ஒரு எல்ஏ4440 போர்டு, ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று ஆகியவை தாம்பூலப் பையில் ஊர் வந்து சேரும். அந்தப் போர்டிலுள்ள ஐசி காருக்குள் பாடப் பிறந்தது. பிரிட்ஜ் கனெக்‌ஷன் கொடுத்தால் சுமார் 19 வாட் தரும். இவர் 20 என்பார்.

முதல் சுவிட்சைப் போட்டதும் வருவது பாட்டல்ல, ‘உம்ம்ம்’ என்ற ஹம்மிங். அது 100 ஹெர்ட்ஸாக இருந்தால் பெரிய கெப்பாசிட்டர் போட்டு அடக்கலாம். 50 ஹெர்ட்ஸாக இருந்தால் பெரும்பாலும் வயரிங் கோளாறு. இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருக்கும், ஒன்றைச் சரிசெய்தால் போதும். இவரோ நேராக எர்த் குழிக்குப் போவார். கரியும் உப்பும் கொட்டி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஹம்மிங் அப்படியே இருக்கும்; பக்கத்துக் கறிவேப்பிலைச் செடிதான் வாடும்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி மண்பானை. எதிரெதிர்ச் சுவர் இல்லாததால் உள்ளே சத்தம் முட்டி மோதாது என்பது இவர் சொல்லும் காரணம், அதில் உண்மையும் இருக்கிறது. பேஸ் ஏறியதும் தகரக் கூரை அதிரும். அட்டையை மடித்துச் செருகினால் கூரை அடங்கி ஷட்டர் பேசும். ஷட்டருக்கு ஆப்பு வைத்தால் சுவரில் மாட்டிய 14-ஆம் நம்பர் ஸ்பேனர் மட்டும், ஒரே ஒரு சுருதிக்கு, கிணுகிணுக்கும். அந்த ஸ்பேனரைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும்.

லேத்தை ஓட்டினால் பாட்டுக் கேட்காது. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொசுறு. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் இவர் போர்டை மாற்றிக்கொண்டேதான் இருப்பார். அதைவிடப் பெரிய வினை இரும்புத்தூள். ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம், லேத்திலிருந்து பறப்பது இரும்பு. இரண்டும் சும்மா இருக்குமா? தலைமுடி கனத்தில் ஒரு பிசிறு வாய்ஸ் காயில் இடுக்கில் புகுந்தால் போதும், தேன்குரலும் சளி பிடித்ததுபோல் கரகரக்கும். செல்லோடேப்பை விரலில் சுற்றி ஒவ்வொரு பிசிறாக ஒற்றி எடுப்பார். பானை வாய்க்குப் பழைய வேட்டியால் வேடு கட்டுவார். முடிவில் லேத்தை ஓட்டுவதையே நிறுத்திவிடுவார். லேத்துப் படுகை மட்டமாக இருப்பதால் ஆம்ப்ளிஃபயர் அதன்மேல் ஏறி உட்காரும்.

அதன்பின் சோதனைக் காலம், இதற்கு முடிவு கிடையாது. 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படப் பாட்டில் பேஸ் இறங்கும் இடம் மட்டும் ஓடும். வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, “இப்ப வருது பாருங்க” என்று விரலை உயர்த்துவார். வந்ததும் நிறுத்திவிட்டு ஒயரின் பிளஸ் மைனஸை மாற்றிப் போடுவார். பல்லவி தாண்டி ஒரு பாட்டும் அந்த ஷெட்டில் சரணத்தைக் கண்டதில்லை.

“ஏனுங்க, ஒரு பாட்டையாச்சும் முழுசாப் போட உட மாட்டீங்களா?” என்று வீட்டம்மா கேட்டுப் பார்ப்பார். பிறகு அடுக்களைக்குப் போய், செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பார். பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடும். ஈயப்பற்று வாசத்தோடு காபிக்கு வரும் சவுண்டுக்காரர் வாசற்படியில் நின்று கொஞ்சநேரம் காது கொடுப்பார்.

“பேஸே இல்லையே” என்பார்.