மாப்பிள்ளைக் கோட்டியல்: சூத்திரமும் உரையும்

ஐந்தரை அடியின் அங்குலம் குறைந்தோன்
நெஞ்சள வதுமுப் பத்தா றாயின்
கடைதொறும் ஏறி இறங்கல் கடனே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கல்யாண வரவேற்புக்குக் கோட்டு சூட்டு எடுக்கப் புறப்படும் உயரம் குறைந்த, ஒல்லியான மாப்பிள்ளைக்கு நேர்வது இன்னது என்று உணர்த்துதல் நுதலிற்று. ‘அங்குலம் குறைந்தோன்’ என்று தொகை சொல்லாமல் விட்டமையால் ஓரங்குலம் குறைந்தவனும் நாலங்குலம் குறைந்தவனும் இதில் அடங்குவர். ‘நெஞ்சளவு’ என்றது இன்ச் டேப்பை அக்குளுக்குக் கீழே சுற்றி எடுப்பதை. மாப்பிள்ளையின் மனத்துணிவை அன்று. ‘கடைதொறும்’ என்பதற்குச் சேலம் கடைவீதியில் தொடங்கி, ஐந்து ரோடு போய், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு சுற்றிவிட்டு, மறுபடி முதல் கடைக்கே வந்து நிற்பது என்று பொருள் கொள்க. ‘கடன்’ என்பது கடமை. வட்டிக்கு வாங்குவது என்று உரைப்பாரும் உளர். கல்யாணச் செலவை நோக்க அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இதற்கெல்லாம் ஒரு நூல் வேண்டுமா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து வரவேற்பு மேடையைப் பார்த்திருக்க மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மேடை ஏறுகிற மாப்பிள்ளை, கடைசிப் பந்தி எழும்வரை கோட்டுக்குள் நிற்கிறான். தோள் பக்கம் கோட்டு அவனைத் தாண்டிப் போகிறது. கை நுனியில் விரல் மட்டும் தெரிகிறது. மறுநாள் விடியலில் அதே ஆள் வேட்டி கட்டி, கொங்கு வழக்கப்படி தலையில் உருமாலை கட்டி உட்கார்ந்தால் ஆள் கச்சிதமாக இருக்கிறான். ஒரு ராத்திரியில் உடம்பு மாறியிருக்க வழியில்லை. எனவே குற்றம் உடம்பில் இல்லை என்பது பெறப்படும்.

வேட்டியின் பெருமையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எட்டு முழ வேட்டி என்பது ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். ஆறடி ஆளும் அதைத்தான் கட்டுகிறார். ஐந்தே கால் அடி ஆளும் அதைத்தான் கட்டுகிறார். மிச்சம் இடுப்புச் சுருட்டுக்குள் போய்விடும். எந்த அளவு என்று கடைக்காரர் கேட்பதில்லை, கேட்டால் நாம் சிரிப்போம். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு நெய்கிற நாட்டில், காலையில் உடுத்துவது பக்கத்துத் தறியிலிருந்து வருகிறது. மாலையில் உடுத்துவது எங்கேயோ யாருக்கோ வெட்டியது.

யாருக்கு வெட்டியது என்பதே அடுத்த வினா. வரலாற்றில் ஓர் அழகான முடிச்சு உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கி, கதரை ஊர் ஊராகப் பரப்பினார். அதே திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் போனார். திரும்பி வந்து 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி தொடங்கியதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். லீட்ஸின் இன்னொரு பெருமையை மறந்துவிட்டோம். மான்டேக் பர்ட்டன் என்பவர் அந்த ஊரில்தான் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துச் சாமானியனுக்குச் சூட்டு தைக்கும் மாபெரும் ஆலையை நடத்தினார். அங்கேயும் கடையில் ஆளை நிறுத்தி அளவெடுத்து, அந்த அளவை ஆலைக்கு அனுப்பித்தான் தைத்தார்கள். ஆக, கோட்டைச் சாமானியனுக்குக் கொண்டுவந்த ஊரே அளவெடுக்காமல் கொடுக்கத் தயங்கிய பொருளை, நாம் ஹேங்கரில் தொங்கவிட்டு ‘38 போடுங்க தம்பி’ என்கிறோம்.

இனி உயரம். மேலைநாட்டுக் கடைகளில் பொதுவாக ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் கீழே இருப்பவருக்கு ‘ஷார்ட்’ என்று தனி வரிசை உண்டு. 1996-ல் பிறந்த இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர் என்பது உலகளாவிய உயர ஆய்வின் கணக்கு. அதாவது ஐந்தடி ஐந்து அங்குலம். நெதர்லாந்துக்காரனின் சராசரி 182-ஐத் தாண்டும். ஆகவே நம் மாப்பிள்ளையைக் குள்ளன் என்று கடைக்காரர் சொல்லும்போது, தேசத்தின் நட்டநடு ஆளைப் பார்த்துச் சொல்கிறார். சராசரிக்கு அளவில்லாத கடை உலகத்தில் வேறு எந்த வியாபாரத்திலும் இல்லை. இதை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. அமெரிக்க, இங்கிலாந்து அளவுப் பட்டியல்களை வைத்தே இத்தனை காலம் ஓட்டியதால், 15 முதல் 65 வயதுக்குட்பட்ட 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து இந்திய அளவுப் பட்டியல் செய்யும் வேலையை ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் கையில் எடுத்தது. அதன் பயன் நம் கடைவீதிக்கு வந்து சேரும்வரை மாப்பிள்ளை காத்திருக்கலாம். பெண் வீட்டார் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கே பூர்வபட்சிகள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். அதை அவர்கள் வாய்மொழியாகவே தருவது முறை.

“பெருசா இருக்குதுங்கண்ணா.”

“இப்ப அப்படித்தான் இருக்கும் தம்பி. கல்யாணம் ஆகி ஆறு மாசத்துல உடம்பு போட்டுருமுங்க.”

உடனே தாய்மாமன்: “அவரு சொல்றதும் நாயந்தான் மாப்ள. நாளைக்கு உன்ற மச்சான் கல்யாணத்துக்கும் போட்டுக்கலாமல்ல.”

இதை வருங்கால உடம்புக் கோட்பாடு எனலாம். இதன் வேர் ஒன்றாம் வகுப்பு யூனிபாரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் எடுத்த டவுசர் அடுத்த வருசத்துக்கும் ஆகவேண்டும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்து, பேண்ட் ஆனபிறகு கீழே நாலு விரக்கடை உள்ளே மடித்துத் தைத்து, வருசா வருசம் பிரித்துவிட்ட சமுதாயம் இது. பிரித்த இடத்தில் பழைய மடிப்பு வெளுத்த கோடாகத் தெரியும். பையன் பிளஸ் டூ முடிக்கும்வரை நடப்பு உடம்புக்கு என்று ஒரு துணிகூட வாங்கியதில்லை. இருபத்தெட்டு வயதிலும் அந்தப் பழக்கமே பேசுகிறது. கோட்பாட்டில் குறை என்னவென்றால், வருங்கால உடம்பு வரும்போது தொப்பையாக வருகிறது. தோள் வளர்வதில்லை, கை நீள்வதில்லை. பட்டன் போட முடியாது, கை மட்டும் பழையபடி நீளமாகவே நிற்கும். இந்தக் கோட்டு வாங்கிய நாள்முதல் எந்தத் தேதியிலும் பொருந்துவதில்லை.

இனிப் பொருந்துதல் என்பதன் இலக்கணம்.

தோளே முதல; மற்றவை வழிமொழி;
தோளிற் பிழைத்தது ஊசியில் திருந்தா.

இடுப்பைப் பிடிக்கலாம். கையைக் குறைக்கலாம், கைநுனியில் நிஜக் காஜா வெட்டாமல் வெறுமனே பட்டன் வைத்திருந்தால் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உள்ளே மடிப்பதில் சிரமம் இல்லை. பேண்ட்டின் உயரம் சின்ன வேலை. தோள் அப்படி இல்லை. தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து, பேடை எடுத்து, காலர்வரை கைவைக்க வேண்டும். அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம். ஆகவே கண்ணாடி முன்னால் முதலில் பார்க்க வேண்டியது கலரை இல்லை, தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் முடிகிறதா என்பதை.

நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பின்கழுத்திலிருந்து தரைவரை அளந்து பாதியாக்கினால் கோட்டின் நீளம். ஐந்தடி நாலு அங்குல ஆளுக்கு இது 27-ஐ ஒட்டி வரும். கடையில் தொங்கும் 38-ன் நீளம் பெரும்பாலும் 29, 30. மூன்று அங்குலத்தைக் கீழே வெட்டினால் போயிற்று என்று தாய்மாமன் சொல்வார். வெட்டலாம். பாக்கெட் அப்போது கோட்டின் அடி ஓரத்துக்கு வந்து நிற்கும். மேல் பட்டன் பழைய இடத்திலேயே இருக்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே கைவைத்தால் கோட்டு காட்டிக்கொடுத்துவிடும். பேண்ட்டிலும் இதே கதை. கோட்டு 36-க்குக் கூட வருகிற பேண்ட் இடுப்பு 30. இருபத்தெட்டாகப் பிடித்தால் தப்பில்லை. இருபத்தாறு என்றால் பின்பாக்கெட் இரண்டும் நடுவில் சந்தித்துக்கொள்ளும்.

கும்பிடும் கையொடு கூடவே எழுவதைக்
கம்பியிற் போடுக; கோட்டெனக் கொள்ளார்.

இந்தச் சூத்திரத்தை மேலைநாட்டுத் தையல் நூல்களில் காண முடியாது. அவர்கள் மாப்பிள்ளை கையைத் தொங்கவிட்டு நிற்பான் என்று நினைத்துத் தைக்கிறார்கள். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை மூன்று மணி நேரத்தில் கும்பிடுகிறான், கை குலுக்குகிறான், மொய்க்கவர் வாங்கித் தோழனிடம் கொடுக்கிறான், காலில் விழுகிறான், மறுபடி கும்பிடுகிறான். கைக்குழி இறங்கி லூசாக வெட்டிய கோட்டு கும்பிட்டவுடன் மொத்தமாக மேலே கிளம்பி, காலர் காதுவரை வந்துவிடும். லூசாக இருந்தால் கை தாராளமாகப் போகும் என்று தோன்றுவதே இங்கே பொய். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கை தனியாக எழும். கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். ஒல்லி ஆளுக்குப் பெரிய அளவு எடுப்பதில் உள்ள பெருங்கேடு இதுதான். எனவே டிரையல் ரூமில் நேராக நின்று பார்ப்பது வீண். கும்பிட்டுப் பார்க்க வேண்டும். வெளியே நிற்கும் சேல்ஸ்மேன் தனக்குத்தான் என்று நினைத்துத் திருப்பிக் கும்பிட்டால் பரவாயில்லை.

36-ம் கிடைக்காதபோது ‘பாய்ஸ் செக்‌ஷன்ல ஒண்ணு பாத்துரலாமுங்களா’ என்ற யோசனை எழும். இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. தோள் ஒருவேளை பொருந்தும். சட்டைப்பையில் கரடி பொம்மை இருக்கும்.

நாமக்கல்லில் வைத்து இந்த ஆய்வை நடத்துவதில் ஒரு விந்தை இருக்கிறது. ஓசூரிலிருந்து வெறும் சேசிஸாக, தலையில் துண்டைக் கட்டிய டிரைவர் தற்காலிக சீட்டில் உட்கார்ந்து ஓட்டிவருகிற லாரியை, நாமக்கல் பட்டறையில் நிறுத்தி, அளந்து, அதன் நீளத்துக்கும் ஏற்றப்போகும் சரக்குக்கும் தக்கபடி பாடி கட்டுகிறார்கள். ‘பாடி பெரிசா இருக்குது, சேசிஸ் பின்னாடி வளந்துக்கும்’ என்று எந்தப் பட்டறைக்காரரும் சொன்னதாகத் தகவல் இல்லை. அந்தப் பட்டறை முதலாளியே மகன் கல்யாணத்துக்கு ரெடிமேட் கோட்டு எடுக்கிறார்.

பொருந்தாத கோட்டை மேடையில் பொருந்தவைக்கும் கலை போட்டோகிராபருடையது. முதுகுப்பக்கம் துணியைக் கொத்தாகச் சேர்த்து, கொடியில் துணி காயப்போடும் கிளிப்பை நாலு இடத்தில் மாட்டிவிடுகிறார். முன்னாலிருந்து பார்த்தால் லண்டனில் தைத்தது போலிருக்கும். மாப்பிள்ளையின் முதுகு எப்போதும் பூ அலங்காரத்தைப் பார்த்தே இருப்பதால் ரகசியம் மேடையோடு போய்விடும். இந்த முறைக்கு எமன், பெரியவர்கள் காலில் விழும் வழக்கம். குனியும்போது கிளிப் ஒன்று தெறிக்கும். பின்னால் நிற்கும் தோழன் அதைக் காலால் மறைப்பான். கிரேன் கேமரா வந்தபிறகு, எல்.இ.டி. திரையில் பந்தி வரிசை மொத்தமும் பார்க்க, அந்தக் கிளிப் ஆறடி அகலத்தில் தெரிந்துவிடும் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது.

வாடகைக் கோட்டு, ஷெர்வானி, ஜோத்பூரி ஆகியவற்றுக்குத் தனி நூல் வேண்டும். முழங்கால்வரை வரும் ஷெர்வானி உயரம் குறைந்தவனை இன்னும் குறைத்துக் காட்டும் என்பதோடு நிறுத்துகிறேன். வைகாசி முகூர்த்தத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், பாலியஸ்டர் கலந்த துணியில் மூன்று பீஸ் சூட்டு போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மாப்பிள்ளையின் கர்ச்சீப்பே சொல்லும்.

சித்தாந்தம் ஒன்றுதான்: துணி எடுத்துத் தைப்பது. பழைய தையற்காரர் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார், பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே. அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் தோள் எலும்பின் முனையைத் தேடி அழுத்துகிறார். “வலது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க. பேக் மாட்டுற பக்கமுங்களா?” என்று கேட்கிறார், இத்தனை வருசம் அம்மாவும் கவனிக்காத செய்தி அது. அந்தப் பக்கம் பேட் ஒரு சுற்று கூட வைக்கப்படும். அளவுகளை பில் புத்தகத்தில் வரிசையாக எழுதி, துணியில் ஓரமாக ஒரு துண்டு வெட்டிக் குண்டூசியால் குத்திவிடுகிறார். மூன்று மீட்டர் சூட் லெங்த்தில் இந்த உடம்புக்கு மிச்சம் விழும். வெய்ஸ்ட்கோட்டுக்கு ஆகுமா என்று கேட்டு வைப்பது நல்லது. வெள்ளை நூலோட்டி, ஒரு கை மட்டும் வைத்து, ஒருநாள் டிரையலுக்குக் கூப்பிடுவார். அன்றைக்குக் கும்பிட்டுப் பார்த்தால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது. சாக்கட்டியால் அக்குள் பக்கம் ஒரு கோடு போடுவார்.

இந்த முறையில் எஞ்சும் சிக்கல் தேதி. முகூர்த்த மாதத்தில் எல்லா மாப்பிள்ளைக் கோட்டும் ஒரே மேஜையில்தான் கிடக்கும். கல்யாணத் தேதியை ஒரு வாரம் முன்னே தள்ளிச் சொல்லிவிட வேண்டும் என்பது இத்துறைப் பெரியோர் பலரின் கொள்கை. அதற்காகவே தையற்காரர்கள் இப்போதெல்லாம் துணியோடு பத்திரிகையையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.