பம்பளிமாஸ் சர்பத்தும் பரோடா ராஜாவும்

ஜெலாப்பாங்கிலிருந்து தம்பூன் பக்கம் காரை விட்டால், சாலையோரக் கடைகளில் வலைப்பைக்குள் தொங்கும் பம்பளிமாஸ் நம் நாக்கில் நீர் ஊறவைக்கும். கர்னல் ராபர்ட் ஃபேர் துரையாக இருந்தால் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

1874 நவம்பர் 9. பரோடாவின் பிரிட்டிஷ் ரெசிடென்டான துரை, காலை நடை முடிந்து வந்து பம்பளிமாஸ் சர்பத்தில் இரண்டு மடக்கு குடித்தார். குமட்டியது. மீதியை வெளியே கொட்டினால் டம்ளர் அடியில் கறுப்பாய் வண்டல். டாக்டர் சோதித்துவிட்டுப் பாஷாணம் என்றார், கூடவே வைரப்பொடி என்றார். வெறும் பாஷாணம் எந்த வீட்டிலும் வைப்பார்கள். வைரமும் சேர்ந்தால்தானே அரண்மனைக்கு மரியாதை! வைரப்பொடியால் ஆள் சாகமாட்டான் என்பது வேறு விஷயம்.

சந்தேகம் நேரே பரோடா ராஜா மல்ஹர்ராவ் கெய்க்வாட் மேல் விழுந்தது. மனுஷன் லேசுப்பட்டவரில்லை. அண்ணன் காண்டேராவைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார் என்று சிறையில் கிடந்தவர். 1870இல் அண்ணன் கண்ணை மூடியதும் சிறையிலிருந்து நேரே சிம்மாசனம். அண்ணன் வெள்ளியில் பீரங்கி வார்த்திருந்தார். தம்பி விடுவாரா? தங்கத்தில் வார்த்தார். இன்னொருவன் என் பெண்டாட்டி என்று வழக்கடித்த லட்சுமிபாயைக் கல்யாணம் கட்டினார். சில மாதத்திலேயே பிள்ளை. துரை முகம் சுளித்தார். இந்த ஆளை மாற்றுங்கள் என்று ராஜா மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். அடுத்த வாரமே சர்பத் விவகாரம்.

விசாரணைக் குழுவில் மூன்று வெள்ளைக்காரர், மூன்று இந்தியர். ராஜாவுக்காக லண்டனிலிருந்து வக்கீல் பாலண்டைன் வந்து சாட்சிகளைப் பிழிந்து காயப்போட்டார். வெள்ளைக்காரர்கள் குற்றவாளி என்றார்கள்; குவாலியர், ஜெய்ப்பூர் மகாராஜாக்களும் தினகர் ராவும் நிரூபணமாகவில்லை என்றார்கள். ஆட்டம் சமம். சர்க்கார் அசரவில்லை. சர்பத் கிடக்கட்டும், உம்முடைய ஆட்சியே சரியில்லை என்று சொல்லி 1875 ஏப்ரலில் ராஜாவை இறக்கிவிட்டது.

அதே வருடம் நவம்பர் 2, நம்ம பேராக்கில் ரெசிடென்ட் பிர்ச்சைப் பாசீர் சாலாக் ஆற்றங்கரையில், குளித்துக்கொண்டிருந்தபோதே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இங்கே வைரத்தை வீணடிக்கவில்லை. அந்தக் கொலைக்காகப் பேராக் சுல்தான் அப்துல்லா நாடுகடத்தப்பட்டு சீஷெல்ஸ் தீவுக்குப் போனார். மல்ஹர்ராவுக்கு மெட்ராஸ் வாய்த்தது. 1882இல் அங்கேயே செத்தார். பரோடாவைத் தூக்கி நிறுத்த, கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திவானாகப் போனார்.

ஃபேர் துரையா? பிழைத்துக்கொண்டார். ராஜாவைக் கைது செய்வதற்கு முன்பே அவரைப் பரோடாவிலிருந்து மாற்றிவிட்டார்கள், ராஜா கேட்டுக்கொண்டபடியே.