குளிருக்குப் பயந்து குவானாஹுவாத்தோ

கனடாவில் பென்சன் எடுத்த சனம் நவம்பர் பிறந்ததும் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதி கையைவிட்டுப் போகாமலிருக்க 12 மாதத்தில் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்கவேண்டும். மிச்ச நாளில் எங்கே போய் வெயில் காயலாம் என்பதுதான் கதை. இப்படிப் போகிறவர்களுக்குப் பனிப்பறவைகள் என்று பெயர். வழக்கமாக புளோரிடாவுக்குப் பறப்பார்கள். வரிச்சண்டை தொடங்கிய 2025இல் பலருக்கு அமெரிக்கா கசந்துபோனது. எனக்கும் அதனால்தான் கசந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் புளோரிடா வாடகையைக் கேட்ட அன்றே எனக்குக் கசந்துவிட்டது.

மெக்சிக்கோவில் குவானாஹுவாத்தோவைத் தேர்ந்தெடுத்தது ஒரு படத்தைப் பார்த்து. வெள்ளிச் சுரங்கங்களால் பணம் கண்ட பழைய நகரம். பள்ளத்தாக்கின் சரிவுகளில் மஞ்சள், ரோசா, நீலம், செங்காவி என்று வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கின்றன. 1988இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஓவியர் டியேகோ ரிவேரா பிறந்ததும் இங்கேதான். இதையெல்லாம் ஊன்றி வாசித்தவன், ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்ற வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் வீடு ஒழுங்கையின் உச்சியில். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். மனிசி முன்னால் போய்க்கொண்டிருப்பா. களைத்துப்போனேன் என்று சொல்ல மானம் விடாது. ஆகவே நின்று, கைபேசியை எடுத்து, பக்கத்திலுள்ள சுவரைப் படம் பிடிப்பேன். “என்ன வடிவான மஞ்சள்!” கொஞ்சம் ஏறினால் ஒரு நீலக் கதவு, அதையும் பிடிப்பேன். கைபேசி முழுக்கக் கதவும் சுவரும். ரொறொன்ரோவில் இருந்து அதைப் பார்த்த மகள், அப்பாவுக்கு இந்த வயதில் கலைக்கண் திறந்துவிட்டது என்று பூரித்துப்போனாள். நான் மறுக்கவில்லை.

இரவு இன்னொரு கதை. சனவரியில் வெளியே 7, 8 பாகைக்கு இறங்கும். ஸ்காபரோக்காரனுக்கு அது ஒரு குளிரா? ஆனால் ஸ்காபரோவில் குளிர் கதவுக்கு வெளியே நிற்கும். இங்கே வீட்டைச் சூடாக்க ஒரு ஏற்பாடும் இல்லை. பகலெல்லாம் குளிர்ந்த கற்சுவர் இரவிரவாக எங்களோடு நித்திரை கொள்ளும். தடித்த சுவெட்டரெல்லாம் “வெயில் ஊருக்கு ஏன் இந்தப் பாரம்?” என்று கேட்டு, நானே பெட்டியிலிருந்து எடுத்து எறிந்தவை. பழைய உடுப்புக் கடையில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். அதன் நெஞ்சில் கனடாக் கொடியின் மேப்பிள் இலை.

கதைக்கிற விசயத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் கனடாவுக்கு வந்து இறங்கியபோது, கடைக்காரப் பெண் எனக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தைச் சத்தமாக, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். எனக்குக் காது கேட்கும் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இதால்கோ சந்தையில் கொய்யாப்பழம் விற்ற அம்மாவிடம் அதே ஆங்கிலத்தை, அதே சத்தத்தில், அதே மாதிரிப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது மனிசி என் முழங்கையைக் கிள்ளினா. அவ ஸ்பானிய மொழியில் கேட்டு, விலை குறைத்து, இரண்டு பழம் மேலதிகமாகவும் வாங்கிவிட்டா. எப்போது படித்தாய் என்றேன். “நீங்கள் கதவு படம் பிடிக்கேக்க.”

ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் சான் மிகேல் தெ அயெந்தே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, அமெரிக்கப் படைவீரர்கள் அரசாங்கப் பணத்தில் ஓவியம் படிக்க வந்த ஊர். அன்றிலிருந்து வடக்கத்திக்காரர் நிறைந்த இடம். அவர்களின் காசால் உள்ளூர்ச் சனத்துக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, நானும் வாடகைக்கு வந்தவன்தான் என்பதை மறந்து, பிரசங்கம் செய்திருக்கிறேன். பிறகு வாராவாரம் அங்கே பஸ் ஏறினேன். காரணம் வேறொன்றுமில்லை, ஆங்கிலம் கேட்கிறதற்கு.

முத்த ஒழுங்கை பற்றியும் சொல்லவேண்டும். ஒடுங்கிய இடத்தில் 68 சென்டிமீட்டர்தான் அகலம். மூன்றாம் படியில் நின்று முத்தமிடும் சோடிக்கு ஏழு வருட அதிர்ஷ்டம் என்று ஐதீகம். இடாமல் போனால் ஏழு வருடம் துரதிர்ஷ்டம். வரிசையில் நின்று எங்கள் முறையும் வந்தது. “சனம் பாக்குது” என்றேன். மனிசி ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனா.

துரதிர்ஷ்டம் சனவரி 6ஆம் தேதியே வந்துவிட்டது. அன்று மூவரசர் திருநாள். வீட்டுக்கார அம்மா அயலவரைக் கூப்பிட்டு, ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டினா. அதற்குள் சின்னக் குழந்தைப் பொம்மைகளை வைத்திருப்பார்கள். ஏரோது மன்னனிடமிருந்து பாலன் இயேசுவை ஒளித்ததன் நினைவு. யாருடைய துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பெப்ரவரி 2ஆம் தேதி எல்லோருக்கும் தமலே கொடுக்கவேண்டும். சோள மாவைப் பிசைந்து, இறைச்சியோ மிளகாயோ வைத்து, சோள மடலில் சுற்றி அவிப்பது. இந்த வழக்கத்தைக் காலையில் மனிசிக்கு விளக்கியவனே நான்தான்.

என் பல்லில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. சுற்றிப் பார்த்தேன். இருபது தலையாவது இருக்கும். பெப்ரவரி 2 சமையலை நினைத்தேன், செலவையும் நினைத்தேன். பாலனைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, சூடான சொக்லேற்றை மறுபக்கத்தால் குடித்தேன்.

வீட்டுக்கார அம்மா பொம்மைகளை எண்ணினா. ஒன்று குறைந்தது. கடதாசியைத் தூக்கிப் பார்த்தா, துணுக்குகளைக் கிளறினா. பிறகு எல்லாக் கண்களும் பக்கத்து வீட்டுப் பேரன்மேல் விழுந்தன. அவன் தன் துண்டை மெல்லாமல் விழுங்கியிருந்தான். வாயைத் திறக்கச் சொன்னார்கள். முதுகில் தட்டினார்கள். பாட்டி அழத் தொடங்கினா. ஒருவர் காரை எடுத்துவர, ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கலாம் என்று வெளிக்கிட்டார். பிள்ளைக்கோ ஒன்றும் விளங்கவில்லை; தன்னை இவ்வளவு பேர் கவனிக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு நின்றான்.

சொல்லுவதற்கு எனக்கு ஸ்பானிய மொழியும் போதாது, வாயும் வெறுமையாக இல்லை. பொம்மையை எடுத்து, துடைத்து, மேசையில் வைத்தேன்.

மனிசி என்னைப் பார்க்கவேயில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் நீளமாக என்னவோ சொன்னா. சபை முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னாய் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 2 அன்று தமலேயைச் சந்தையில் சொல்லி எடுத்தோம். அது காணாது என்று மனிசி மோதகமும் அவித்தா. பனங்கட்டிக்குப் பதிலாக இங்கே கூம்பு கூம்பாக விற்கும் பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம். தேங்காய் திருவியது நான். தமலே முடிய முன்னமே மோதகம் முடிந்துபோனது. அந்தப் பேரன் மட்டும் நாலைந்தை எடுத்து, என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, உள்ளே பொம்மை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.