மாப்ள எந்திரிச்சா வண்டி நிக்கோணும்

நடந்தா வந்தீங்க மாப்ள? பொள்ளாச்சிச் சந்தைக்கே மினி டிராக்டர்ல போன ஆளு இன்னைக்கு மாமன் வீட்டுக்கு நடந்து வர்றீங்கன்னா, வண்டி தோப்புக்குள்ளயே படுத்துக்கிச்சுன்னு தெரியுது. இப்பிடித் திண்ணையில உக்காருங்க. உங்க வண்டிக்கு நீங்க எந்திரிச்சாத்தான் ஆகாது, உக்கார்றதுல வில்லங்கமில்லையே?

எல்லாம் கேள்விப்பட்டனுங்க. டீசல் பில்டர் மாத்தியாச்சு. நாசிலைக் கழட்டிக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டு போயாச்சு. டீசல்ல தண்ணி கலந்துட்டாங்கன்னு பங்குல போயி ஒரு சண்டையும் போட்டாச்சு. கடைசியில நாலு டயருக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு. நசுக்குன வண்டி தோப்பு வாசல் தாண்டலையாமே? பழத்து மேல குத்தஞ் சொல்லாதீங்க மாப்ள. அது டயர் வரைக்கும்தான் பாக்கும், வயரிங் அதுக்குத் தெரியாது.

இத்தனை பேர்கிட்டப் போனீங்களே, வண்டி எப்பிடி நிக்குதுன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டா பில்டர் விக்காதே. டீசல் பத்தாம நிக்கற வண்டி சட்டுன்னு நிக்காதுங்க. சத்தம் ஏறும், எறங்கும், இழுவை கொறையும், சித்த தூரம் திக்கித் திணறிட்டுத்தான் நிக்கும். மண்ணு இறுகி ரொட்டவேட்டர் இழுவை தாங்காம நின்னா, கரும்புகை கக்கும், முக்கி முக்கி அமுங்கும். இந்த ரெண்டுமில்லாம, பாடிட்டிருக்கறவன் வாயைப் பொத்துன மாதிரி பட்டுன்னு நின்னா, அது கரண்டு சங்கதி. சாவியை ஆப் பண்ணுனா எப்பிடி நிக்குமோ அப்பிடியே நிக்குதில்லீங்களா? நீங்க சாவியைத் தொடலை. அப்ப வேற எதோ ஒண்ணு கரண்டை வெட்டுது.

அதுல மொத ஆளு உங்க சீட்டுக்கடியிலயே இருக்கறானுங்க, சீட் சுவிட்ச். வண்டி வாங்குறப்ப குடுத்த புத்தகத்துல படத்தோட போட்டிருப்பாங்க. அதை எம் புள்ள தோசைக்கல்லுக்கு அடியில வெச்சிருந்ததை நானே பாத்தேன். ரொட்டவேட்டரைச் சுத்தி விடற பி.டி.ஓ. ஓடறப்பவோ கியர்ல இருக்கறப்பவோ ஆளு சீட்டை விட்டு எந்திரிச்சா, இஞ்சினை நிறுத்தச் சொல்லித்தான் அந்த சுவிட்சை வெச்சிருக்கறாங்க. நெம்ப வண்டில டீசல் பம்புகிட்ட ஒரு சாலினாய்டு இருக்கும். கரண்டு வர்ற வரைக்கும் டீசலைத் தொறந்து பிடிச்சிருக்கும். கரண்டு போனா விட்டுரும், இஞ்சின் நின்னுரும். சில வண்டில இதுக்கு நேர்மாறு, கரண்டு வந்தாத்தான் டீசலை அடைக்கும். உங்க வண்டி எந்த வகைன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோணும். அதுக்கும் அந்தத் தோசைக்கல்லைத்தான் தூக்கோணும்.

எந்த எடத்துல நிக்குது? சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். தென்னை வட்டப்பாத்தி வரப்புல ஏறி எறங்கறப்ப நிக்கும், இல்லீன்னா நீங்க பின்னால திரும்பி ரொட்டவேட்டரைப் பாக்கறப்ப நிக்கும். சரிங்களா? எம் புள்ள சமையலுக்கு உங்க எடை கொறையறதுக்கு வழியே இல்ல, ஆனா நீங்க உக்கார்றது சீட்டு நுனியில. புது வண்டி நசுங்கீருமோன்னு பயமா? திரும்பிப் பாக்கறப்ப ஒடம்பு பாதி மேல வந்துருது. ஒரு குலுக்கலுக்கெல்லாம் நிக்கக் கூடாதுன்னு பல வண்டில ஒரு நொடி அளவுக்குத் தவணை குடுத்திருப்பாங்க. நீங்க ரொட்டவேட்டரைப் பாக்கற பார்வைக்கு ஒரு நொடியெல்லாம் பத்துமா? மொதல்ல பின்னால தள்ளி, அழுந்த உக்காந்து ஓட்டிப் பாருங்க. இதுல சரியாச்சுன்னா செலவு ஒரு பைசா இல்ல, நாசிலுக்குக் குடுத்த காசை மட்டும் நெனைச்சு அழுதுக்கலாம்.

சரியாகலைன்னா சீட்டைத் தூக்குங்க. தூக்கறதுக்கு முந்தி வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, நியூட்ரல் போட்டு, பி.டி.ஓ.வை விடுவிச்சு, பிரேக்கைப் போட்டு, சாவியை உருவி அண்ட்ராயர் பாக்கெட்டுல போட்டுக்கோங்க. சீட்டு ஸ்பிரிங் படுத்திருக்குதா, சுவிட்சு குமிழ் முழுசா அமுங்குதான்னு பாருங்க. சீட்டை முன்ன பின்ன நகத்துறப்ப வயர் நசுங்கி உள்ளயே அறுந்திருக்கும், மேல தோலு நல்லா இருக்கும். அப்புறமேலு எலி. தென்னந்தோப்புல குரும்பை தின்னு சலிச்ச எலிக்கு உங்க வயர் முறுக்கு. வயரை இணைக்கற கப்ளரைப் பிரிச்சா பின்னுல பச்சைக் களிம்பு கட்டியிருக்கும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். யூரியா மூட்டையை வண்டி மேல ஏத்துனது நீங்க, அதைக் கழுவறேன்னு மோட்டார்த் தண்ணியைச் சீட்டுக்கடியில பீச்சுனதும் நீங்கதானே? கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வெச்சு, பின்னை இறுக்கி மாட்டுங்க. இந்த மாதிரிக் கோளாறு பலது சுவிட்சுல இருக்காது, கப்ளர்லதான் இருக்கும்.

சுவிட்சு நல்லதா கெட்டதான்னு மல்டிமீட்டர் சொல்லிரும். கழட்டி, ரெண்டு பின்னுலயும் குச்சியை வெச்சு, கையால அமுக்கி அமுக்கி விடுங்க. அமுக்குனா ஒட்டற சுவிட்சும் உண்டு, அமுக்குனா பிரியற சுவிட்சும் உண்டு. எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் சுத்தமா மாறோணும். அமுக்கிப் பிடிச்சுட்டே வயரை ஆட்டறப்ப மீட்டர் தடுமாறுச்சுன்னா அதைத் தூக்கிப் போட்டுருங்க.

சீட்டு மேல மட்டுமே சந்தேகப்பட்டுட்டு இருக்காதீங்க. பி.டி.ஓ. லீவருக்கும் ஒரு சுவிட்சு உண்டு. அதிர்வுல நட்டு தளர்ந்து, பாதி அமுங்குன நெலையில தொங்கிட்டிருந்தா, இதே கூத்துத்தான். கிளட்ச் சுவிட்சைப் பத்தி மெக்கானிக் ஆராச்சும் பேசுனா சித்த சந்தேகமாப் பாருங்க. அது பொதுவா ஸ்டார்ட் பண்றப்ப மட்டுந்தான் வேலை செய்யும், ஓடற வண்டியை நிறுத்தறது அதோட சோலியில்ல. பேட்டரி முனையும் எர்த் வயரும் லூசா இருந்தாலும் சுவிட்சு மேலதான் பழி விழும்.

எது ஆளுன்னு பிடிபடலைன்னா ஒரு வழி சொல்றேன், இது மெக்கானிக் சொல்ல மாட்டான். உங்க சாலினாய்டு கரண்டு வந்தாத் தொறக்கற வகையா இருந்தா, அதுக்குப் போற வயர்ல இருந்து ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பை இழுத்து, கண்ணு முன்னால கட்டிக்கோங்க. ஒரு பியூஸும் சேத்துப் போடுங்க. ஓட்டுங்க. வண்டி நிக்கற அந்த நொடியிலயே, சாவியைத் தொடாம பல்பைப் பாருங்க. எரிஞ்சுட்டு இருந்தா கரண்டு வருது, குத்தம் சாலினாய்டுலயோ டீசல் பக்கமோ, பில்டர் கடைக்காரன் பொழைச்சான். அணைஞ்சிருந்தா கரண்டு வழியில வெட்டு. அப்புறம் பல்பை ஒவ்வொரு சுவிட்சா மேல நகத்திட்டே போனா, எந்த எடத்துல அணையாம எரியுதோ, அதுக்கும் முந்திப் பாத்த எடத்துக்கும் நடுவுலதான் வெட்டுன்னு தெரிஞ்சுரும்.

இப்ப நீங்க மனசுக்குள்ள நெனைக்கறது எனக்குக் கேக்குது. "என்னத்துக்கு மாமா இத்தனை பாடு, வயரை முறுக்கி டைரக்ட் பண்ணீட்டாப் போச்சு." ஊருல பாதி வண்டி அப்பிடித்தான் ஓடுது, தெரியும். பண்ணுங்க, ஆனா அதுக்கு முந்தி இந்தத் திண்ணையில உக்காந்து ஒரு கணக்குப் போடலாம். பி.டி.ஓ. நிமிசத்துக்கு 540 சுத்து, அப்ப நொடிக்கு 9. ஷாப்ட் 3 அங்குல கனம்னு வெச்சா, ஒரு சுத்துக்கு ஒம்பதரை அங்குலம் இழுக்கும். ஒம்பது சுத்துக்கு ஏழடி. நீங்க கட்டியிருக்கற நாலு முழ வேட்டி ஆறடிதானுங்க மாப்ள. ஒரு நொடிக்குள்ள வேட்டி காலி. வேட்டிக்கப்பறம் எது போவும்னு நான் சொல்லோணுமா? கதிரடிக்கற மெசின்ல கை போன கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் சட்டம்னு ஒண்ணு டெல்லியிலயே போட்டாங்க. பின்னால ஆராச்சும் நின்னுட்டிருந்தா, இந்த சுவிட்சு அவங்களைக் காப்பாத்தாது. எறங்கி வர்ற உங்களை மட்டுந்தான் காப்பாத்தும். அதையும் முறுக்கி விட்டுட்டா, எம் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?

சுவிட்சு மாத்துனா அதே வண்டிக்கானதையே வாங்குங்க. ஒட்டற வகை, பிரியற வகை மாறுச்சுன்னா ஆளு உக்காந்தா நிக்கும், எந்திரிச்சா ஓடும். அந்த அதிசயத்தைப் பாக்க ஒறம்பரையெல்லாம் வருவாங்க. மாட்டுனதும் பி.டி.ஓ. ஷாப்டைத் தனியாக் கழட்டி வெச்சுட்டு, பிரேக் போட்டு, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, பி.டி.ஓ. லீவரை மட்டும் போட்டு, கைப்பிடியைப் பிடிச்சுட்டு சீட்டுல இருந்து சித்த எந்திரிங்க. ஒரு நொடி முன்ன பின்ன இஞ்சின் நின்னுரோணும்.

நின்னுச்சுன்னா எனக்குப் போன் பண்ண வேண்டாம். நிக்கலைன்னா அப்பவே பண்ணுங்க, நான் டி.வி.எஸ். பிப்டியில வர்றேன். மீட்டர் அந்தப் பரண் மேல இருக்குது, எடுத்துட்டுப் போங்க. உள்ள பேட்டரி இல்ல, அது உங்க செலவு.