துறையூரில் ஒரு வாய்ச் சோறு: அம்புலிப் பருவ உபாயங்கள் குறித்த கள ஆய்வு

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டுவது எப்படி என்பது பற்றி முறையான ஆய்வேடு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் துறையூர். திருச்சிக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே மலை இருக்கிறது, மலைமேல் பெருமாள் இருக்கிறார், பெரிய ஏரி இருக்கிறது, தெருமுனைக்குப் போனால் திருச்சி சத்திரம் பஸ் வரும். சோறு ஊட்டுவதற்கு வேடிக்கைதான் மூலப்பொருள். சோறு அதற்குப் பிறகுதான்.

முன்னோர் இத்துறையைத் தொடாமல் விடவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்று 188ஆம் பாட்டில், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து உருகுகிறார். அரசர்; குளிப்பாட்ட ஆள் இருந்திருக்கும். பிள்ளை கைவிட்டுத் துழாவிய கூழ் அமிழ்தைவிட இனியது என்பது வள்ளுவர் கருத்து (குறள் 64). கூழைப் பற்றிய தீர்ப்பில் குறையில்லை. தரையை யார் துடைத்தார்கள் என்பதில்தான் இரு நூல்களும் வாய் திறக்கவில்லை.

கோட்பாட்டுக்கு நாம் பிள்ளைத்தமிழிடம் போக வேண்டும். அதன் பத்துப் பருவங்களில் ஒன்று அம்புலி. பிள்ளையோடு விளையாட வா என்று புலவர் நிலாவைக் கூப்பிடும் இடம். சும்மா கூப்பிடுவதில்லை, சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசியல் உபாயம் நான்கையும் இறக்குவார். நம் மாவட்டத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) திருவானைக்கா அகிலாண்டநாயகி மேலேயே பிள்ளைத்தமிழ் பாடியவர். இத்தனை புலவர்கள் இத்தனை நூற்றாண்டுகள் அழைத்தும் நிலா ஒருமுறைகூட இறங்கி வந்ததில்லை. நிலாவிடம் பலிக்காத அதே நான்கு உபாயங்களைத்தான் நாம் இன்றும் பிள்ளையிடம் பிரயோகிக்கிறோம் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

நேரம் இரவு எட்டு. இடம் திண்ணை. அப்பாயி சாமத்தில் தொடங்குவார்: "என் ராசால்ல, ஆ காட்டு சாமி." வாய் திறக்காது. அடுத்து தானம்: "சாப்பிட்டா ஞாயித்துக்கிழம திருவானைக்கா போயி அகிலா யானையப் பாக்கலாம்." வாய் திறக்கும், "இப்பவே" என்று சொல்வதற்காக. அந்த இடைவெளியில் ஒரு கவளம் உள்ளே போய்விடும். போனது விழுங்கப்பட்டது என்று பொருளல்ல. இடது கன்னத்தில் ஒதுக்கப்படும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெற்றிலை அடக்கிய பெரியவர் மாதிரி, பேச்சு வந்தாலும் பொருள் அசையாது. கால் மணி நேரம் கழித்து அப்பாயியின் முந்தானையில் அது கண்டெடுக்கப்படும்.

பேதம் ("பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துருவேன்") பெருந்தோல்வி. "குடு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடும். தண்டத்தின் கதை இன்னும் மோசம். "பூச்சாண்டி வந்துட்டான்" என்றால் ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. இப்போது "பூச்சாண்டி சாப்ட்டானா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அவனுக்கும் ஒரு வாய் ஊட்டச் சொல்கிறார்கள்.

அளவைச் சிக்கல் ஒன்றும் உண்டு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த வாய்ப்பாட்டில் 'ஒரு வாய்' எங்கும் இல்லை. 'கடைசி வாய்' இன்னும் குழப்பம். அதற்குப் பிறகு 'நெசமாவே கடைசி வாய்' வரும், அப்புறம் 'அம்மாவுக்கு ஒண்ணு', 'அப்பாவுக்கு ஒண்ணு'. உறவினர் எண்ணிக்கை அதிகமுள்ள வீட்டில் பிள்ளை கொழுகொழுவென்று இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை.

மருத்துவம் என்ன சொல்கிறது? முதல் வயதில் பிள்ளை பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகும். இரண்டாம் வயதில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும், இது இயல்பு. இதை அப்பாயியிடம் விளக்கிப் பார்த்தேன். "டாக்டருக்குப் புள்ள இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஊட்டுவதைத் தொடர்ந்தார்.

கைபேசியைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்பதைச் சாப்பாடு என்று இவ்வாய்வாளர் ஏற்கவில்லை.

மிக முக்கியமான தரவு பக்கத்து வீட்டில் கிடைத்தது. வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஊட்டியும் உள்ளே போகாத அதே பருப்புச் சோறு, அங்கே தரையில் தட்டு வைத்ததும் தானே அள்ளித் தின்னப்பட்டது. மறுசோறும் கேட்கப்பட்டது. "வீட்ல புள்ளைக்குச் சோறு போடறதில்லையாக்கா?" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டபோது தாயின் முகம் போன போக்கை எந்தப் பிள்ளைத்தமிழும் பாடவில்லை. மூன்று பேர் ஊட்டிய கிண்ணத்தின் மிச்சம் வழக்கம்போல் அவர் வயிற்றுக்கே போனது.

ஆகவே துறையூர்ப் பக்கம் வரும் உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவு எட்டிலிருந்து ஒன்பதுக்குள் பிள்ளை உள்ள வீட்டுக்கு வராதீர்கள். வந்தாலும் "என்ன, இப்படி இளைச்சுட்டான்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டுத்தான் தீருவேன் என்றால், கையைக் கழுவிக்கொண்டு கிண்ணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.