உலகம் அழிந்த வருஷத்தில் ஒரு மறுபதிப்பு

கேள்வி: 'க்ரோனோ ட்ரிகர்' என்ற பழைய ஜப்பானிய வீடியோ கேமை மாற்றி மாற்றி வெளியிடுகிறார்களே, எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதில்: முப்பது வருஷமாக ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள், ஆனால் சரக்கு சுத்தம்! 1995-ல் சூப்பர் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியில் வந்தது ஒரிஜினல். 'ஃபைனல் ஃபேன்டஸி' கேமை உருவாக்கிய சகாகுச்சி, 'டிராகன் குவெஸ்ட்' கேமை உருவாக்கிய ஹோரீ, 'டிராகன் பால்' காமிக்ஸ் வரைந்த தொரியாமா மூவரும் கைகோத்த கேம். காலயந்திரம் ஏறி ஆதிகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தாவலாம். கதைப்படி 1999-ல் லாவோஸ் என்ற ஜந்து பூமியைப் பிளந்து வந்து உலகத்தை நாசமாக்கும். பிளேஸ்டேஷன் பதிப்பு ஜப்பானில் வந்ததும் அதே 1999-ல்தான். உலகம் தப்பித்தது, ஆடியவர்களின் பொறுமை தப்பவில்லை. புதுசாகக் கார்ட்டூன் காட்சிகள் சேர்த்தார்கள், சரி. மெனுவைத் திறந்தால்கூட லோடாகும்வரை கொட்டாவி விடவேண்டியிருந்தது. 2008-ல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் இரட்டைத் திரையோடு வந்தது அருமை. 2018-ல் கணினிக்கு வந்தபோது செல்போன் பதிப்பை அப்படியே இறக்கிவிட்டார்கள். ரசிகர்கள் திட்டித் தீர்த்த பிறகு, அடுத்தடுத்த அப்டேட்களில் பழைய பிக்ஸல் அழகு திரும்பியது.

இப்போதைக்குக் கணினிப் பதிப்பையே வாங்குங்கள். ஒரு தடவை முடித்ததும் எழுந்துவிடாதீர்கள், பத்துக்கு மேல் கிளைமாக்ஸ் இருக்கிறது!